செத்தவருக்கு அலைச்சல், காணாமல் ஆக்கப்பட்டவருக்கு அவசரம்

இறந்தவரின் பெயரைப் பதிவேட்டில் எழுதுவதும், அவருடைய ஆக்கள் வந்து கேட்டால் எழுதியதன் பிரதியைக் கொடுப்பதும் அரச அலுவலகமொன்று செய்யவேண்டிய மிகச் சாதாரணமான வேலைகள். ஆனால் எங்கள் ஊர்களில் மரணச் சான்றிதழ் எடுக்கப் போகிறவர்கள் கடன் கேட்கப் போனவர்களைப்போலக் கூனிக் குறுகி நிற்கிறார்கள். அதே அரசாங்கம், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரிடம் மட்டும் கேளாமலே மரணச் சான்றிதழை நீட்டுகிறது. இவற்றை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகளாகப் பார்க்க நாம் பழகியிருக்கிறோம். இரண்டும் ஒன்றுதான் என்பதே எங்கள் வாதம். ஒரு மனிதரின் சாவை எப்போது எழுதுவது, எந்த மொழியில் எழுதுவது, என்ன காரணம் போட்டு எழுதுவது என்ற தீர்மானம் குடும்பத்தின் கையில் இல்லை. அது மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

சாவீட்டில் அந்தியேட்டி முடியுமுன்னமே கடதாசி அலைச்சல் தொடங்கிவிடும். வங்கிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி, ஓய்வூதியம், காணி உறுதி, அஸ்வெசும என்று எதைத் தொட்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "டெத் சேர்ட்டிபிக்கேட் இருக்கோ?" வீட்டில் படிவம் நிரப்பத் தெரிந்த பிள்ளை என்று எங்கள் வயதுக்காரரைத்தான் அனுப்புவார்கள். அங்கே போனால் "பொறுப்பானவர் லீவு, திங்கக்கிழமை வாங்கோ". திங்கட்கிழமை போனால் "ஜி.எஸ்ஸின்ர கடிதம் எங்க?" கடிதத்தோடு போனால் "இது எங்கட பிரிவில்லை". மூன்றாம் நாளில் வாசலில் நிற்கிற ஒருத்தர் மெல்லக் கிட்ட வந்து, "தம்பி, நான் எடுத்துத் தாறன்" என்பார். எங்களில் பலர் வெவ்வேறு ஊர்களில் இந்த மூன்று நாளையும் பார்த்திருக்கிறோம். அந்தப் புரோக்கர் வாழ்வது அலுவலகத்தின் ஊழலால் மட்டுமில்லை, எங்களுக்கு முறை தெரியாமல் இருப்பதாலும்தான். ஆகவே முதலில் முறையைப் பேசுவோம்.

பிறப்பு இறப்புப் பதிவு 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. வீட்டில் இயற்கையாக நடந்த சாவென்றால் கிராம அலுவலரின் அறிக்கை வேண்டும். ஆஸ்பத்திரியில் என்றால் அங்கு தரும் படிவம் வேண்டும். விபத்து, தற்கொலை, சந்தேகமான சாவு என்றால் மரண விசாரணை நடந்தாகவேண்டும். மரணம் பதிவாவது அது நிகழ்ந்த பிரிவில். இறந்தவரின் சொந்த ஊரில் இல்லை. கிளிநொச்சிக்காரர் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் செத்தால் பதிவு யாழ்ப்பாணத்தில்தான். இது தெரியாமல் ஊர்ப் பதிவாளரிடம் அலைகிற குடும்பங்கள் ஏராளம். மூன்று மாதத்துக்குள் பதியவேண்டும். பிந்தினால் எல்லாம் முடிந்துபோகாது. பிரதேச செயலகத்தில் இருக்கிற மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கலாம்.

பதிந்த மரணத்துக்குப் பிரதி எடுப்பதும் அதே மேலதிக மாவட்டப் பதிவாளரிடம்தான். முழுப்பெயர், இறந்த திகதி, இறந்த இடம் ஆகியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். பதிவு இலக்கமும் பதிந்த திகதியும் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் தேடுவதற்கு ஒரு கட்டணம் கட்டவேண்டும், அவ்வளவுதான். இலக்கம் இல்லையென்று திருப்பி அனுப்ப இடமில்லை. பழைய சான்றிதழின் போட்டோகொப்பி ஒன்று வீட்டு அலுமாரிக்குள் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். இணையம் வழியாக விண்ணப்பிக்கவும் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் வசதி உண்டு.

"புத்தகம் சண்டையில எரிஞ்சு போச்சு" என்ற பதில் வடக்குக் கிழக்கில் எல்லோருக்கும் பழக்கம். எரிந்ததும் உண்மைதான், இடம்பெயர்வில் தொலைந்ததும் உண்மைதான். ஆனால் ஒரு பதிவு ஒரே இடத்தில் மட்டும் இருப்பதில்லை. அதன் பிரதியொன்று பதிவாளர் நாயகத்துக்கும் போகிறது. "இங்க இல்லை" என்றால் "அப்ப எங்க தேடினீங்கள், எங்க தேடவேணும், எழுத்தில தாங்கோ" என்று கேட்கவேண்டும்.

அந்த எழுத்தில்தான் எங்கள் பலம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தை நாம் பெரிய ஊழல்களைத் தேடும் பத்திரிகையாளரின் ஆயுதமென்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அம்மம்மாவின் விண்ணப்பம் எந்த மேசையில் கிடக்கிறது, ஏன் கிடக்கிறது என்று கேட்கவும் அது உதவும். தகவல் அலுவலரிடம் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டால் அதை எழுத்தில் ஆக்குவது அலுவலரின் கடமை. 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லவேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு. "நாளைக்கு வாங்கோ" என்ற பதிலை எழுத்தில் தர எந்த அலுவலகமும் விரும்பாது.

"அதிகாரியளோட கொழுவினா அலுவல் நடக்காது பிள்ளை" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களின் அனுபவம் பொய்யில்லை. ஆமிக்காரனின் சென்றியில் அடையாள அட்டையை நீட்டிப் பழகிய கைகள் அவை. நல்ல உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள், ஆளணிப் பற்றாக்குறையும் உண்டு. அதை ஒத்துக்கொள்கிறோம். ஆனால் நல்ல உத்தியோகத்தர் கிடைத்தால்தான் கிடைக்கும் என்றால் அது உரிமையில்லை, அதிர்ஷ்டம். பணிவாகப் பேசுவது வேறு, பயந்து பேசுவது வேறு.

மலையகத்தில் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. 1951 சட்டம் தோட்டங்களில் நடக்கும் பிறப்பையும் இறப்பையும் அறிவிக்கும் பொறுப்பைத் தோட்ட அத்தியட்சகரிடம் கொடுத்தது. பெயர் கொடுத்தவர் தொழிலாளியாக இருந்தாலும் பெயர் போய்ச் சேர்ந்தது துரையின் வழியாகவே. பதிவேடு சிங்களத்தில். ஒரே ஆளுக்குப் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், மரணச் சான்றிதழில் இன்னொன்று. சேமலாப நிதியை எடுக்கப் போகிற மனைவியிடம் "இது வேற ஆள்" என்கிறார்கள். நாற்பது வருஷம் கொழுந்தெடுத்தவரின் பணம் ஒரு எழுத்தில் சிக்கி நிற்கிறது.

அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையை இங்கேதான் வாசிக்கவேண்டும். சிங்களத்தில் பதிவேடு வைத்திருக்கிற பகுதியிலும், சட்டப்படி ஒருவருக்குப் பிரதி எடுக்கும் உரிமை இருந்தால் அந்தப் பிரதியையோ மொழிபெயர்ப்பையோ தமிழில் பெற அவருக்கு உரிமை உண்டு. தமிழில் எழுதிக் கேட்கவும் பதில் பெறவும் உரிமை உண்டு. மொழிபெயர்ப்புக்காகக் குடும்பத்தை வெளியே காசு கொடுத்து அலையவிடுவது அந்த உறுப்புரையைக் கிழித்துப் போடுவதற்குச் சமம். பதிவிலுள்ள பிழைகளைத் திருத்தவும் சட்டத்தில் வழி இருக்கிறது. பிழை விட்டது பதிவேடு, திருத்தத்துக்கு அலைவது விதவை என்பதுதான் அநியாயம்.

இனி மற்றப் பக்கத்துக்கு வருவோம்.

2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க, தற்காலிக ஏற்பாடுகளின் கீழான இறப்புப் பதிவுச் சட்டம், ஒரு வருடத்துக்கு மேல் தகவலில்லாதவர்களின் மரணத்தைப் பதிய வழிசெய்தது. அந்தச் சட்டம் காணாமல் போனதற்குச் சொல்லும் காரணங்கள் பயங்கரவாத அல்லது நாசகாரச் செயல், உள்நாட்டுக் கலவரம் ஆகியவை. வெள்ளை வான் அதில் இல்லை. 2009 மேயில் தாய்மார் தங்கள் கையால் ஒப்படைத்த பிள்ளைகளுக்கும் அதில் ஒரு சொல் இல்லை. 2016இல் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் காணாமற்போனமைச் சான்றிதழைக் கொண்டுவந்தது. செத்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே வங்கி, காணி, நிவாரண அலுவல்களைப் பார்க்க அது உதவும். இது குடும்பங்கள் போராடிப் பெற்ற ஒரு சின்ன இடைவெளி.

ஆனால் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் வீதியோரம் இருந்த தாய்மார் கேட்டது இந்தச் சான்றிதழ் எதையும் இல்லை. "என்ர பிள்ளை எங்க?" என்றுதான் கேட்டார்கள். 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஐ.நா. பிரதிநிதியிடம், காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள், விசாரணைகளின் பின் மரணச் சான்றிதழ் வழங்க நடவடிக்கை எடுக்கப்படும் என்றார். செத்தது உங்களுக்குத் தெரியுமென்றால் எங்கே, எப்போது, யாருடைய கையால் என்பதும் தெரிந்திருக்கவேண்டுமே? ஆஸ்பத்திரியில் செத்த கிழவிக்கு இடம், நேரம், காரணம் எல்லாம் சரியாக இருந்தால்தான் பதிவோம் என்கிற அதே அரசு, பல்லாயிரம் பேரை இடமுமில்லாமல் காரணமுமில்லாமல் எழுதி முடிக்கப் பார்த்தது. செம்மணியில் 2025இல் மீண்டும் தோண்டினார்கள், சின்னக் குழந்தைகளின் எலும்புகளும் வந்தன. எலும்புகளுக்குப் பெயரில்லை, வீதியில் பிடித்திருக்கும் படங்களின் பெயர்களுக்கு எலும்பில்லை. அந்த இரண்டையும் சேர்ப்பதுதான் விசாரணை. சான்றிதழ் அந்த வேலையைச் செய்யாது.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து ஆட்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். மரணச் சான்றிதழ் எடுத்த குடும்பத்தை "காசுக்குப் பிள்ளையை வித்தவை" என்று பேசுகிற வாய்களை நாம் கேட்டிருக்கிறோம். வெளிநாட்டிலிருந்தும் கேட்கிறது, ஒழுங்கைக்குள்ளும் கேட்கிறது. மகளின் கலியாணத்துக்குக் காணி எழுத வழியில்லாமல், பிள்ளையின் படிப்புக்குக் காசில்லாமல், ஒரு மனுசி நடுங்கிற கையோடு ஒப்பமிட்டால் அவளிடம் கணக்குக் கேட்க எவருக்கும் உரிமையில்லை. எடுத்தவரும் நீதி கேட்கலாம், எடுக்காதவரும் நிவாரணம் கேட்கலாம். சான்றிதழ் எடுத்தால் வழக்கு முடிந்தது என்பது அரசின் கணக்கு, அதை நாம் எங்கள் வாயால் சொல்லிக்கொடுக்கக்கூடாது.

ஆகவே நாம் கேட்பது இவைதான். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் என்ன படிவம், என்ன கட்டணம், எத்தனை நாள் என்று தமிழில் பெரிதாக எழுதித் தொங்கவிடுங்கள். திருப்பி அனுப்புகிற ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். பதிவேட்டின் பிழையால் வந்த பெயர்த் திருத்தத்தைச் செலவில்லாமல் செய்யுங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பத்திடம் அவர்களாகக் கேட்காமல் மரணச் சான்றிதழ் பற்றிப் பேசாதீர்கள். முதலில் விசாரணையின் முடிவைச் சொல்லுங்கள்.

வாசிக்கிற உங்களிடமும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஒழுங்கையில் இப்போது யாரோ ஒருத்தர் இந்தப் பத்திரத்துக்காக அலைந்துகொண்டிருப்பார். அடுத்த திங்கட்கிழமை அவரோடு கூடப் போங்கள். பேனையும் கொப்பியும் கொண்டுபோங்கள், சொல்கிறவரின் பெயரையும் பதவியையும் திகதியையும் குறியுங்கள். "நாளைக்கு வாங்கோ" என்றால், "சரி ஐயா, அதை எழுதித் தாங்கோ" என்று சொல்லுங்கள்.