முதலில் மருத்துவச் சான்று

சேர்வராயன் மலைக்குக் கீழே, ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் இருக்கிறது சேலம் விமான நிலையம். விமானிப் பயிற்சிப் பள்ளிகளுக்காக 2022-இல் இந்திய விமான நிலைய ஆணையம் தேர்ந்தெடுத்த ஐந்து நிலையங்களில் அதுவும் ஒன்று. எனக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி. ஆனால் ஏற்காட்டிலும் ஓமலூரிலும் உள்ள பெற்றோரிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்வேன்: பள்ளிக்குப் பணம் கட்டும் முன் பிள்ளைக்கு முதல் வகுப்பு மருத்துவத் தகுதிச் சான்றை வாங்கிவிடுங்கள். வர்த்தக விமானி உரிமத்துக்கு அது கட்டாயம். பார்வையிலோ காதிலோ தடையான குறை இருப்பது பிறகு தெரிந்தால், நிலத்தை அடகு வைத்துக் கட்டிய லட்சங்கள் என்னாவது?

உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். அந்த மணிகள் எப்படிக் கழிந்தன என்பதே எனக்கு முக்கியம். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயர மலை அருகிலேயே நிற்கிறது. ஈரக்காற்று சரிவில் மோதி மேலேறிக் குளிர்ந்து மேகமாகிறது. பலமாக வீசும் நாளில், மலைக்கு மறுபுறம் இறங்கும் காற்று சிறு விமானத்தை உலுக்கிவிடும். வானிலையியல் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பாடம் இங்கே கண்ணெதிரே நடக்கிறது. ‘இன்று பறக்க வேண்டாம்’ என்று முடிவெடுக்கக் கற்றுத்தரும் பயிற்றுநர், மணிக்கணக்கை விரைந்து முடித்துத் தருபவரைவிட மேலானவர். சேர்க்கையின்போது கட்டணத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். எத்தனை விமானங்கள் பறக்கும் நிலையில் உள்ளன, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள் என்றும் கேளுங்கள்.