பொதிக்குள் என்ன எண்ணெய்? கேட்பது எமது உரிமை

சம்பள நாளன்று டவுனுக்குப் போய் வரும் எமது மக்களின் பைகளில் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனியோடு பிள்ளைகளுக்கென்று சில பிஸ்கட் பொதிகளும் மிக்சர் பைக்கற்றுகளும் இருக்கும். அவற்றை எந்த எண்ணெயில் செய்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. கேட்டாலும் கடைக்காரருக்குத் தெரியாது. பொதியைத் திருப்பிப் பார்த்தால் ‘மரக்கறி எண்ணெய்’ என்று இரண்டே சொற்கள். அதுவும் பொடி எழுத்தில், பல வேளைகளில் எம்மில் பலருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில்.

சம்பளம், காணி, வீடு என்று எழுத எவ்வளவோ இருக்க, எண்ணெயைப் பற்றி ஒரு தலையங்கமா என்று சிலர் கேட்கலாம். போராடி வாங்கிய சம்பளத்தில் பெரும் பகுதி சாப்பாட்டுக்கே போகிறது. அந்தக் காசுக்கு எமக்கு என்ன தருகிறார்கள் என்பதும் சம்பளப் பிரச்சினைதான்.

மரக்கறி எண்ணெய் தரும் செடி என்று உலகில் எதுவும் இல்லை. எள்ளில் இருந்து வருவது நல்லெண்ணெய். தேங்காயில் இருந்து வருவது தேங்காய் எண்ணெய். பெயர் சொல்லாமல் ‘மரக்கறி எண்ணெய்’ என்று எழுதியிருந்தால், அது பெரும்பாலும் பாம் எண்ணெய், அதாவது முள்ளுத்தேங்காய் எண்ணெய். அது விலை குறைவு, நீண்ட நாள் கெடாது, பிஸ்கட்டின் மொறுமொறுப்பையும் காக்கும். ஆகவே கம்பனிகளுக்கு அது வசதி. காலி, களுத்துறைப் பக்கத் தோட்டங்களில் அந்த முள்ளுத்தேங்காய்க் குலைகளை வெட்டி இறக்குவதும் எமது தோழர்கள்தான்.

பாம் எண்ணெய் விஷம் என்று நாம் சொல்லவில்லை. அதில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. நாம் நல்லதென்று நம்பும் தேங்காய் எண்ணெயிலோ அது 100க்கு 90 அளவில் இருக்கிறது. எந்த எண்ணெயானாலும் அளவோடுதான் பாவிக்க வேண்டும். பிரஷரும் சீனி வருத்தமும் உள்ள வீடுகளில் இன்னும் கவனம் தேவை. ஆனால், அளவோடு பாவிக்க வேண்டுமென்றால் எதைச் சாப்பிடுகிறோம் என்று முதலில் தெரிய வேண்டும் அல்லவா? பெயரை மறைப்பதுதான் எமது முறைப்பாடு.

மறைப்பதற்குப் பல வழிகள் உண்டு. ‘கொலஸ்ட்ரோல் இல்லை’ என்று பெரிய எழுத்தில் போடுவது ஒன்று. தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரோல் கணக்கில் எடுக்கும் அளவுக்கு இருப்பதில்லை. இல்லாததை இல்லை என்று சொல்லி, உள்ள கொழுப்பை மறக்கச் செய்கிறார்கள். முன்பக்கத்தில் பட்டர் கட்டியின் படம் போட்டுவிட்டு, பின்பக்கத்தில் ‘பட்டர் சுவையூட்டி’ என்று எழுதுவது இன்னொன்று. தேநீருக்குப் போடும் வெள்ளைத் தூள்களில் சில பால்மா போலவே பொதி செய்யப்பட்டிருக்கும். வாசித்துப் பார்த்தால் பாலின் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு. எல்லாவற்றையும் விட மோசமானது, தேங்காய் எண்ணெய் என்று சொல்லி மலிந்த எண்ணெயைக் கலந்து விற்பது.

எண்ணெய் விடயத்தில் ஏமாந்தால் என்ன நடக்கும் என்பதை 2021இல் நாடே பார்த்தது. சித்திரைப் புத்தாண்டுக்குப் பலகாரம் சுடும் நேரத்தில், இறக்குமதி செய்யப்பட்ட சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெயில் அஃப்ளடொக்சின் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. பூஞ்சணத்தால் உண்டாகும் இந்த நஞ்சு ஈரல் புற்றுநோயை ஏற்படுத்தக் கூடியது. அந்த எண்ணெயைத் திருப்பி அனுப்ப உத்தரவிட்டார்கள். ஏப்ரலில் பாம் எண்ணெய் இறக்குமதிக்குத் தடை என்று அரசாங்கம் அறிவித்தது, பின்னர் அது தளர்த்தப்பட்டது. இவ்வளவு நடந்தும் கடையில் வாங்கும் சாதாரண ஆளுக்குப் போத்தலுக்குள் இருப்பது என்னவென்று தெரிந்துகொள்ள இலகுவான வழி பிறக்கவில்லை.

எமது பிள்ளைகளுக்கு இது இன்னும் பாரதூரமானது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி நாட்டில் 5 வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது 100க்கு 32 அளவில் இருந்தது. வளர வேண்டிய பிள்ளையின் வயிற்றை மாவும் சீனியும் பெயர் தெரியாத எண்ணெயும் நிரப்பிவிட்டால் முட்டைக்கும் பயறுக்கும் அங்கே இடமில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், பொய்யாகவோ மக்களைத் தவறாக வழிநடத்தும் விதமாகவோ உணவுக்குச் சுட்டுத்துண்டு இடுவதைத் தடை செய்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இயங்குகிறது. பற்றுச்சீட்டு கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு. 1987இல் இருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. ஆனால் சட்டம் கொழும்பில் இருக்கிறது, பொதி தோட்டத்துக் கடையில் தொங்குகிறது. இரண்டையும் சந்திக்க வைப்பது எமது வேலை.

ஆகவே பொதியை வாங்கும் முன் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பொருட்களை நிறை கூடியதில் இருந்து குறைந்தது வரை வரிசையாக எழுதுவதுதான் முறை. எண்ணெய், கொழுப்பு, சீனி என்பன முதல் மூன்று இடங்களுக்குள் இருந்தால் அது பிள்ளைக்கு நாள்தோறும் கொடுக்கும் தீன் அல்ல. ‘ஹைட்ரஜனேற்றிய’ என்ற சொல் எண்ணெயோடு சேர்ந்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பாதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெயில்தான் இருதயத்தைக் கெடுக்கும் ட்ரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. அதை உணவில் இருந்து அடியோடு நீக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2018இல் எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

மலையில் வாழும் எமக்குக் குளிரும் ஒரு துணை. தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். நுவரெலியா, தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கம் மார்கழி, தை மாதக் காலையில் நல்ல தேங்காய் எண்ணெய் போத்தலோடு வெள்ளையாக இறுகிக் கிடக்கும். கடையில் விற்கும் நீர்த்த பாம் எண்ணெய் அந்தக் குளிரிலும் முழுதாக இறுகாது. தேங்காய் எண்ணெய் என்று வாங்கியது விடியக்காலையில் பாதி உறைந்து பாதி தண்ணீராக நின்றால் சந்தேகப்படலாம். இது முடிவான பரிசோதனை அல்ல. உறைந்துவிட்டது என்பதற்காகக் கலப்படம் இல்லை என்றும் சொல்ல முடியாது. உறுதியாகச் சொல்ல வேண்டியது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எடுத்தனுப்பும் மாதிரியைப் பார்க்கும் அரச பகுப்பாய்வாளர்.

வீட்டிலேயே எண்ணெய் எடுக்கலாமே என்பார்கள். எடுக்கலாம். தேங்காய்ப் பாலை மெல்லிய நெருப்பில் காய்ச்சினால் தண்ணீர் வற்றி எண்ணெய் பிரியும். ஈரமில்லாத போத்தலில் வடித்து வைக்கலாம். ஆனால் ஒரு தேங்காய்க்குக் கிடைப்பது சில மேசைக்கரண்டிதான். தென்னை வளராத மலையில், தேங்காய் விற்கும் விலையில் அது எல்லா வீட்டுக்கும் கட்டாது. அந்தத் தேங்காயைத் துருவி ரொட்டிக்கும் சம்பலுக்கும் போடுவதே இலாபம்.

கடை எண்ணெய்க்கு மாற்று எண்ணெய் தேடுவதை விட, எண்ணெயே தேவைப்படாத தீனுக்குத் திரும்புவது எமக்குக் கைவந்த வழி. கௌபியையோ கடலையையோ இரவே ஊறப் போட்டால் காலையில் விறகு குறைவாகவே செலவாகும். அவித்து, உப்பும் தேங்காய்ப்பூவும் போட்டால் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுக்கலாம். கச்சானை வெறும் சட்டியில் வறுத்துச் சர்க்கரைப் பாகில் உருண்டை பிடிக்கலாம். சிவப்பரிசியையும் பாசிப்பயறையும் வறுத்து இடித்து வைத்தால் ஒரு கிழமைக்குச் சத்துமா. சிறு குழந்தைகளுக்கு முழுக் கச்சான் கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கும். இடித்தே கொடுங்கள். வற்றாளங்கிழங்கும் மரவள்ளியும் லயத்துத் தோட்டத்திலேயே விளையும். திருநாளுக்குப் பலகாரம் சுட்டால் சிறிய சட்டியில் கொஞ்ச எண்ணெய் ஊற்றிச் சுடுங்கள். கறுத்துப் புகைந்த எண்ணெயை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.

இதையெல்லாம் யார் செய்வது? காலையில் பெரட்டுக்குப் போய், நாள் முழுக்க மலையில் நின்று, மாலையில் கொழுந்து நிறுத்து வீடு திரும்பும் பெண்ணின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவதற்காக இந்தத் தலையங்கத்தை எழுதவில்லை. நேரம் இல்லாததால்தான் எங்கள் தாய்மார் பொதியைப் பிரிக்கிறார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்பவர்களோடு நாம் சேர மாட்டோம். கடலை ஊறப் போடவும் மா வறுக்கவும் ஆண்களுக்கும் கை இருக்கிறது. பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் அவித்த பயறும் சத்துமாவும் கொடுக்கச் செய்வது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு.

எமது கோரிக்கைகள் இவை. பொதியில் எண்ணெயின் உண்மைப் பெயரை எழுத வேண்டும். அதைத் தமிழிலும், வாசிக்கக்கூடிய அளவில் எழுத வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் டவுன் கடைகளோடு நிற்காமல் தோட்டத்துக் கடைகளுக்கும் வந்து எண்ணெய் மாதிரி எடுக்க வேண்டும். அதன் முடிவைத் தோட்ட மக்களுக்கும் அறிவிக்க வேண்டும்.

தோட்டத் தலைவர்களும் மாதர் அணித் தலைவிகளும் அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது தங்கள் தோட்டத்துக் கடையில் விற்கும் நாலைந்து பொதிகளைக் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து வாசித்துப் பார்ப்போம். சந்தேகமான பொதியையும் பற்றுச்சீட்டையும் எறியாமல் வைத்திருங்கள். அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுத்தில் கொடுக்கலாம். தனியாகப் போகத் தயக்கமென்றால் கிளைத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தராசில் கொழுந்து குறைந்தால் கேள்வி கேட்கப் பழகியவர்கள் நாம். பொதிக்குள் இருப்பதைப் பற்றியும் அதே குரலில் கேட்போம்.