“ஒரு சொட்டுதானே சார்” என்பவர்களுக்கு

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆனையூர்ப் பக்கம் ராத்திரியானால் பாதிப் பேர் பைக்கை வீட்டுக்குள் ஏற்றிவிடுகிறார்கள். திருட்டுப் பயம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சில வீடுகளில் நடையிலேயே பெட்ரோல் வாடை வருகிறது. கேட்டால், “ஒரு சொட்டுதானே சார், சோப்பு தடவியிருக்கேன்” என்கிறார்கள். இன்ஜினியரிங் படித்த என் மாணவர்களும் இதையே சொல்கிறார்கள்!

வகுப்பில் சொன்னதுதான், மறுபடி சொல்கிறேன். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். மதுரை வெயிலுக்குச் சொல்லவா வேண்டும்? அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தவழ்ந்து போகும். வழியில் சாமி விளக்கு, கொசுவர்த்தி, கேஸ் அடுப்பு. சொட்டை மட்டும் பார்க்கிறீர்கள், ஆவியை யார் பார்ப்பது?

சோப்பு, இன்சுலேஷன் டேப், சைக்கிள் ட்யூப் துண்டு எதுவும் வைத்தியம் இல்லை. டேப்பின் பசை பெட்ரோலில் கரையும். சைக்கிள் ட்யூப் ஊறி உப்பும். கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி ட்யூப்பை மாட்டுகிறவர்களும் உண்டு. அது நாளாக ஆகக் கட்டையாகி வெடிக்கும்.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கலாம் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. எத்தனாலைத் திட்டி நீளநீளமாகப் பதிவு போடுகிறவர்களே, முதலில் உங்கள் வண்டியின் ட்யூப்பைத் தொட்டுப் பார்த்தீர்களா?

“மெக்கானிக் வரட்டும்” என்று பத்து நாள் தள்ளாதீர்கள். கார்புரேட்டர் வண்டியில் இது அரை மணி நேர வேலை. பழைய ட்யூப்பின் அளவைக் காட்டி, பெட்ரோலுக்கென்றே விற்கும் ட்யூப்பும் இரண்டு புது கிளிப்பும் வாங்குங்கள். வண்டியை வெளியே நிறுத்தி, இன்ஜின் நன்றாக ஆறட்டும். பக்கத்தில் பீடி, சிகரெட், செல்போன் கூடாது. ஒரு வாளி மணல் இருக்கட்டும். தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் மிதந்து தீயைப் பரப்பும். டேங்கின் அடியில் உள்ள திருகை ‘ஆஃப்’பில் வையுங்கள். ட்யூப்பில் மிச்சம் இருப்பதை மூடியுள்ள பாத்திரத்தில் பிடியுங்கள். புதியதை மடங்காமல், சூடான இன்ஜினில் படாமல் மாட்டி, இரண்டு பக்கமும் கிளிப் போடுங்கள். திருகைத் திறந்து, பத்து நிமிடம் கழித்து வெள்ளைத் தாளால் ஒற்றிப் பாருங்கள். தாள் நனையக் கூடாது.

திருகிலேயே கசிந்தாலோ, கார்புரேட்டர் வழிந்தாலோ மெக்கானிக்கிடம் போங்கள். 2020க்குப் பிறகு வந்த ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் பெட்ரோல் அழுத்தத்தில் பாய்கிறது. அதில் கை வைக்கவே வேண்டாம். எதுவானாலும் கசிவு நிற்கும்வரை வண்டி வீட்டுக்குள் வரக் கூடாது.

பட்டம் வாங்கிய கையில் கிரீஸ் பட்டால் மரியாதை போய்விடாது. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாததைப் பெருமையாகச் சொல்வதை நிறுத்துங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ட்யூப்பைப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.