கைவிடப்பட்ட கருவிகளும் கைகொடுக்கும் தன்னார்வலர்களும்

இடம்பெயர்ந்த குடும்பங்களின் காணி உறுதிகளைப் பிரதியெடுக்க நான் பயன்படுத்திய ஸ்கானர், கணினியில் புதிய விண்டோஸ் ஏற்றியதும் நின்றுபோனது. அதை இயக்கும் ட்ரைவர் மென்பொருளைத் தயாரிப்பாளர் புதுப்பிக்கவில்லை. லினக்ஸில் அதே ஸ்கானர் வேலை செய்தது. முகம் தெரியாத தன்னார்வலர்கள் அதற்கு ட்ரைவர் எழுதியிருந்தார்கள்.

இந்த உழைப்பை நிறுவனங்கள் பெறுவது எப்படி? பணத்தால் அல்ல, தகவலால். சாதனத்தின் தொழில்நுட்ப விபரங்களையோ, கேள்விகளுக்குப் பதில்சொல்ல ஒரு பொறியியலாளரையோ தந்தால் ட்ரைவரை இலவசமாகவே எழுதித்தருவோம் என 2007இல் லினக்ஸ் நிரலாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் அறிவித்தார். அதே ஆண்டு ஏஎம்டி நிறுவனம் தனது ரேடியன் கிராபிக்ஸ் சில்லுகளின் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. என்விடியா அதைச் செய்யவில்லை. அதனால் 'நூவோ' திட்டத்தின் தன்னார்வலர்கள், என்விடியாவின் மூடிய ட்ரைவர் சில்லுக்கு என்ன கட்டளையிடுகிறது என்று பார்த்துப் பார்த்தே எழுதவேண்டியிருந்தது. 2012இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்நிறுவனத்தைப் பகிரங்கமாகத் திட்டினார். தனது ட்ரைவரின் கெர்னல் பகுதியை அது திறந்தது 2022இல்தான்.

போட்டியாளர் அறிந்துவிடுவார் என்ற அச்சமே நிறுவனங்களைத் தடுக்கிறது. ஆனால் சில்லை வடிவமைத்த இரகசியத்தை எவரும் கேட்கவில்லை. அதனுடன் பேசும் முறையைத்தான் கேட்கிறார்கள்.

பழைய கணினிகளை நம்பியிருக்கும் நாமும், அடுத்த கருவியை வாங்குமுன் "லினக்ஸில் இயங்குமா?" என்று கேட்கவேண்டும்.