தீவுக்குச் செல்லும் விருந்தினர்



திண்டுக்கல் சமவெளியில் வாழும் நமக்கு மலை புதிதன்று. ஒருபுறம் சிறுமலை, மறுபுறம் கொடைக்கானல் மலைத்தொடர், ஊரின் நடுவே கோட்டையைத் தாங்கிய பாறை. கடலோ நம்மில் பலருக்கு வேளாங்கண்ணித் திருயாத்திரையின்போது மட்டுமே காணக் கிடைப்பது. ஆதலால் விடுமுறை நெருங்கியதும், "கடலுக்குப் போவோம், தீவுக்குப் போவோம்" என்று பிள்ளைகள் கேட்பது இயல்பே. அந்தமானுக்கும் இலட்சத்தீவுக்கும் செல்ல வசதியுள்ளோர் சென்று வரட்டும். ஆயின், ஒரு பகற்பொழுதில் சென்றடையக்கூடிய தீவுகள் நமக்கு அருகிலேயே உள்ளன. மதுரை, மானாமதுரை, இராமநாதபுரம் வழியாக ஏறத்தாழ 230 கிலோமீட்டர் சென்றால் பாம்பன் தீவு. அதற்குத் தெற்கே தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவின் சிறு தீவுகள். அப்பயணத்தைக் குடும்பமாகவோ பங்காகவோ எவ்வாறு திட்டமிடலாம் என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

திட்டம் என்றவுடன் வண்டி, விடுதி, செலவு ஆகியவற்றையே முதலில் எண்ணுகிறோம். அவையும் வேண்டியவையே. ஆனால், தீவுக்குச் செல்லுமுன் கேட்கவேண்டிய முதற்கேள்வி ஒன்று உண்டு: அத்தீவு நம்மைத் தாங்குமா? நிலத்திலுள்ள ஊரில் தண்ணீர் வற்றினால் வேற்றூரிலிருந்து லாரியில் வந்துவிடும். குப்பை சேர்ந்தால் ஊருக்கு வெளியே போய்விடும். சின்னஞ்சிறு தீவிலோ, கொண்டுபோன தண்ணீர் தீர்ந்தால் தீர்ந்ததுதான். விட்டுவந்த குப்பை அங்கேயே கிடக்கும். குழாயடியில் குடங்களோடு காத்திருந்த நம் ஊர்த் தாய்மார்களுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விருந்துக்குச் செல்பவர் அவ்வீட்டின் அடுக்களை நிலையை அறிந்து நடப்பது போலவே, தீவின் நிலையை அறிந்து செல்லவேண்டும்.

முதலாவது, காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அக்கடல் புயலுக்குரியது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு எழுந்த புயலில் தனுஷ்கோடி நகரமே அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயிலும், அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரும் அலைக்கு இரையாயினர். மழைக்காலம் கழிந்த சனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களே செல்வதற்கு ஏற்றவை. பள்ளி விடுமுறையை முன்னிட்டு மே மாதத்தில் செல்வோர் ஒன்றை அறிந்திருத்தல் நலம். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் கீழைக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனம் பெருகுவதற்காக விசைப்படகுகள் கரையில் நிறுத்தப்பட்டிருக்கும். உணவு விடுதியில் மீன் குறைவாகக் கிடைத்தால் முகம் சுளிக்காதீர்கள். அந்நாட்களில் வருவாயின்றி இருப்பது மீனவக் குடும்பங்களே.

இரண்டாவது, காணவேண்டியவை. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலம் நூறாண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்ந்தது. அதன் அருகே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலெழுகிறது. இராமேசுவரம் திருக்கோயிலின் நெடிய பிராகாரங்களையும் மரியாதையோடு பார்த்து வாருங்கள். அவ்வூரில் 1931-இல் பிறந்த டாக்டர் அப்துல் கலாம், பள்ளிவாசலைச் சார்ந்த தம் தந்தையும், திருக்கோயில் குருக்களும், தீவின் பங்குத்தந்தை போடல் அடிகளும் கூடி அமர்ந்து ஊர்ப் பிரச்சினைகளைப் பேசித் தீர்த்ததைத் தம் நூலில் நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார். பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லுங்கள்.

இயற்கையைக் காண விரும்புவோர்க்குக் குருசடைத் தீவு உண்டு. பெயரைக் கேட்டதும் நமக்கு ஊர்க் குருசடிகள் நினைவுக்கு வரும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. ஆகவே விரும்பிய தீவில் விரும்பியபடி இறங்க இயலாது. வனத்துறையின் அனுமதி வேண்டும். குருசடைக்கு வனத்துறையே சுற்றுலாப் பயணிகளைப் படகில் அழைத்துச் செல்கிறது. படகு உண்டா, எத்தனை பேரை ஏற்றுவர் என்பதைப் புறப்படுமுன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கரையில் போய் நின்று வாதாடுவதால் பயனில்லை.

மூன்றாவது, கொண்டுவரக் கூடாதவை. தீவுக்குச் சென்றதன் அடையாளமாக ஒரு பவளக் கல்லை எடுத்துவந்து, வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வைக்கும் ஆசை பலருக்கு உண்டு. பவளம் வெறுங் கல்லன்று; எண்ணற்ற சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய வீடு. மீன் குஞ்சுகள் வளர்வதும் கரையை அலை அரிக்காமல் காப்பதும் அதனால்தான். சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் பல்லாண்டுகளாக அதனை வெட்டினார்கள். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் நம் தேவாலயச் சுவரை உற்றுப் பார்த்தால் அதிலும் பவளக் கற்களைக் காணலாம். விளைவு யாது? 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டு நீருக்குள் மூழ்கிவிட்டன. பவளம், கடற்குதிரை, கடல் அட்டை, சிலவகைச் சிப்பிகள் ஆகியவற்றை எடுப்பதும் விற்பதும் 2001 முதல் சட்டப்படி குற்றம். கடையில் விற்றாலும் வாங்காதீர்கள். ஒருவர் எடுப்பது ஒரு கல்தானே என்று தோன்றும். வந்தவர் ஒவ்வொருவரும் அவ்வாறு எண்ணினால் என்ன மிஞ்சும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் விடுத்த சுற்றுமடலில் பவளப்பாறைகளின் அழிவையும் குறிப்பிட்டு வருந்தியிருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

இவ்வகையில் நமக்கு ஆசிரியர்களாக விளங்குவோர் அத்தீவின் ஏழைப் பெண்களே. பாம்பன், சின்னப்பாலம் பகுதிகளில் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி சேகரித்துப் பிழைக்கிறார்கள். பாசி அற்றுப்போகாமல் இருக்க, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-ஆம் ஆண்டில் சீகாலஜி என்னும் பன்னாட்டு அமைப்பு விருது வழங்கியது. அன்றாட உணவுக்கே கடலை நம்பியிருப்போர் தம் கையை அடக்கிக்கொள்ளும்போது, இரண்டு நாள் விருந்தினராகிய நாம் அடக்கிக்கொள்ளலாகாதா?

நான்காவதாக, கச்சத்தீவு. கோடி அற்புதராம் புனித அந்தோணியாரின் ஆலயம் அங்குள்ளது. 285 ஏக்கர் பரப்புள்ள அத்தீவில் குடிநீர் இல்லை, குடிமக்களும் இல்லை. 1974 ஒப்பந்தப்படி அது இலங்கைக்கு உரியதாயிற்று. எனினும் நம் திருப்பயணிகள் கடவுச்சீட்டும் விசாவும் இன்றிச் சென்றுவர அவ்வொப்பந்தமே இடமளித்தது. தவக்காலத்தையொட்டிய பிப்ரவரி அல்லது மார்ச்சில் இரண்டு நாட்கள் திருவிழா. யாழ்ப்பாண மறைமாவட்டக் குருக்கள் வழிநடத்துவர். முதல் நாள் கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்ப்பவனி; மறுநாள் காலை திருப்பலி. செல்ல விரும்புவோர் இராமேசுவரம் வேர்க்கோடு பங்கில் குறித்த காலத்துக்குள் பெயர் பதிந்து, அடையாளச் சான்று காட்டவேண்டும். முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழாவின் விருந்தைக் கண்ட நமக்கு இங்கே வேறோர் அனுபவம் காத்திருக்கிறது. திறந்த வெளியில் இரவைக் கழிக்கவேண்டும், மருத்துவமனை இல்லை. நோயுற்றோரையும் கைக்குழந்தைகளையும் அழைத்துச் செல்வதற்குமுன் நன்கு ஆலோசியுங்கள்.

2024-ஆம் ஆண்டு நம் பக்கத்திலிருந்து எவரும் அத்திருவிழாவுக்குச் செல்லவில்லை. இராமேசுவரம் மீனவர்கள் சிலருக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததை எதிர்த்துப் படகுக்காரர்கள் விழாவைப் புறக்கணித்தார்கள். மறுகரையில் வாழும் தமிழ் மீனவர்களுக்கும் குறை உண்டு. நம் விசைப்படகுகளின் இழுவலையால் தங்கள் வலைகளும் பிழைப்பும் பாழாவதாக அவர்கள் முறையிடுகிறார்கள். இரு கரையிலும் கண்ணீர். இரு கரைக்கும் ஒரே அந்தோணியார். 2025 மார்ச்சில் இரு நாட்டவரும் மீண்டும் ஒரே பீடத்தின்முன் முழந்தாளிட்டார்கள். அங்கே செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், உங்கள் விண்ணப்பங்களோடு இக்குடும்பங்களின் விண்ணப்பத்தையும் சேர்த்து ஒப்புக்கொடுங்கள். உங்களை ஏற்றிச் செல்லும் படகோட்டியின் வீட்டு நலத்தையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆகவே, புறப்படுவதற்கு முந்திய வாரம் ஒருநாள் குடும்பச் செபம் முடிந்ததும் அனைவரும் கூடி அமருங்கள். தண்ணீர்ப் பாத்திரங்களை எண்ணுங்கள். பிளாஸ்டிக் பைகளுக்குப் பதிலாகத் துணிப்பைகளை எடுத்து வையுங்கள். குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு சாக்கும் இருக்கட்டும். அதைச் சுமக்கும் பொறுப்பைத் தந்தையே ஏற்றால் பிள்ளைகள் தாமே கற்றுக்கொள்வார்கள். எந்தப் பொருளையும் எடுத்துவருவதில்லை என்று அனைவரும் உறுதிகொள்ளுங்கள். ஆண்டவர் படைத்த அக்கடலையும் தீவுகளையும் நம் பேரப்பிள்ளைகளும் காணவேண்டுமன்றோ?

உங்கள் பயணம் இனிதாகட்டும்!