வீட்டு நாயின் காயமும் நம் கடமையும்

வீட்டைக் காக்கும் நாய்க்குக் காயம் ஏற்படுவது அரிய நிகழ்ச்சியன்று. முட்கம்பி வேலியில் நுழைகையில் முதுகு கிழிபடுகின்றது. உடைந்த போத்தல் உள்ளங்காலை அறுக்கின்றது. கட்டாக்காலி நாய்களோடு பொருதுவதாற் காது பிய்கின்றது. ‘அது தானே நக்கி ஆற்றிக்கொள்ளும்’ என்று வாளாவிருப்பார் பலர். நாயின் நாவில் மருந்துண்டு என்னும் நம்பிக்கை பழமையானதே. ஆயினும் அதனை நம்பியிருத்தல் தகாது. நாயின் வாயிலே கிருமிகள் பல வாழ்கின்றன. இடைவிடாது நக்குவதனாற் புண் ஈரமாகி விரிவடையுமேயன்றி விரைவில் ஆறாது.

தன்னை வளர்த்தவன் எறிந்த வேல் உடலிலே தங்கியிருக்கவும் அவனிடம் அன்பு காட்டும் நாயை, நல்ல நட்புக்கு உவமையாக்குகின்றது நாலடியார். மாணவர் இதனை அறிவர். ஆனால், நோவு மிகுந்தவிடத்து அன்புள்ள நாயும் தன்னை மறந்து கடித்தல் கூடும். ஆதலின் சிறுவரை அப்பால் நிறுத்தி, பெரியவர் ஒருவர் நாயைப் பிடிக்க, மற்றொருவர் மருந்திடுதல் வேண்டும். இரண்டங்குல அகலமான துணிப்பட்டியொன்றை நாயின் மூஞ்சியைச் சுற்றியிட்டு, தாடையின் கீழ் ஒருமுறை கட்டி, பின்னர் காதுகளின் பின்னே முடிந்துவிடலாம். மூச்சுத் திணறும் நாய்க்கும், வாந்தியெடுக்கும் நாய்க்கும் இவ்வாறு வாயைக் கட்டலாகாது.

குருதி வடியுமாயின் முதலில் அதனை நிறுத்துதல் வேண்டும். தூய துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, ஐந்து நிமிடமேனும் விடாது அழுத்துக. நின்றுவிட்டதோ என்று இடையிடையே துணியை எடுத்துப் பார்த்தால், உறையத் தொடங்கிய குருதி மீண்டும் வடியும்.

அடுத்தது தூய்மை செய்தல். இதுவே வைத்தியத்தின் பெரும்பகுதி. அரை லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமான ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்துக்கொள்க. காயத்தைச் சுற்றியுள்ள உரோமத்தைக் கவனமாகக் கத்தரித்து, அந்நீரைத் தாராளமாக ஊற்றி, மண்ணும் அழுக்கும் நீங்குமாறு கழுவுக. பின்னர் பொவிடோன் அயடீன் மருந்தை, இளம் வெறுந்தேநீரின் நிறம் வருமளவிற்கு நீர் கலந்து, பஞ்சினால் ஒற்றலாம். ஸ்பிரிட், மண்ணெண்ணெய், கழிவெண்ணெய் என்பன புண்ணை எரித்துத் தீங்கு செய்யும். நுரைத்தெழும் ஐதரசன் பரவொட்சைட்டை நாள்தோறும் ஊற்றினால் புதிதாக வளருந் தசையும் கெடும். கோப்பித்தூள், சாம்பல் முதலியவற்றை அப்புவது அழுக்கை உள்ளேயே அடைத்து வைப்பதாகும். நோவு தீர்க்கவென்று மனிதருக்குரிய பரசிட்டமோல், ஐபுபுரோபன் குளிசைகளைக் கொடுத்தலும் ஆகாது. அவை நாயின் ஈரலுக்கோ, இரைப்பைக்கோ, சிறுநீரகத்துக்கோ கேடு விளைவிக்கக்கூடும்.

நக்குவதைத் தடுக்கத் தடித்த மட்டையைப் புனல்போல வளைத்துக் கழுத்தில் அணிவிக்கலாம். முதலாம் எலிசபெத்து அரசியின் காலத்து ஆங்கிலேயர் அணிந்த மடிப்புக் கழுத்துப்பட்டியை ஒத்திருத்தலின், மேனாட்டார் இதற்கு அவ்வரசியின் பெயரையே இட்டு வழங்குகின்றனர். நம் நாட்டு வெப்பத்திலே இலையான் மொய்த்து முட்டையிட்டால், ஒரு நாளுக்குள்ளேயே புண்ணிற் புழு தோன்றிவிடும். ஆதலின் காயம் ஆறும்வரை நாயை நிழலான, தூய இடத்தில் வைத்து, நாள்தோறும் இருமுறை காயத்தைப் பார்த்தல் நன்று.

வீட்டு வைத்தியம் தோலளவான காயத்துக்கே உரியது. பத்து நிமிடம் அழுத்தியும் குருதி நில்லாவிடினும், காயம் பிளந்து தசை தெரியினும், கண்ணிலோ மூட்டிலோ அடிபட்டிருப்பினும், வீக்கமும் சீழும் துர்நாற்றமும் காணப்படினும், புழு வைத்திருப்பினும் மிருக வைத்தியரிடம் தாமதியாது கொண்டுசெல்க. வேறொரு நாயின் பல் பதிந்த காயம் வெளியே ஊசித்துளையளவாய்த் தோன்றினும் உள்ளே ஆழமாயிருக்கும். அதுவும் வைத்தியருக்கே உரியது.

விசர்நாய்க்கடி நோய் உமிழ்நீரினாலேயே பெரும்பாலும் பரவுகின்றது. கடிபட்ட நாயைத் தொடுமுன் கையுறை அணிக. நம்மை நாய் கடிப்பினும், அதன் உமிழ்நீர் நம் கையிலுள்ள கீறலிற் படினும், சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்க. நோயின் குறிகள் தோன்றிய பின் உயிர்பிழைத்தல் மிக மிக அரிது. குறிகள் தோன்றுமுன் முறைப்படி ஊசியேற்றினாலோ தப்பலாம். 1885ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதல் இத்தடுப்பு மருந்தை ஏற்றச் செய்தார். அன்று தொடங்கிய பயனை இன்று நம் வீட்டு நாயும் பெறலாம். ஆண்டுதோறும் அதற்குத் தடுப்பூசி ஏற்றுவித்தல் நம் பிள்ளைகளையும் அயலாரையும் ஒருங்கே காப்பதாகும்.

தன் நோவைச் சொல்ல வாயற்ற பிராணி அது. இரவெல்லாம் விழித்து நம் வளவைக் காக்கும் அதற்கு, பகலிற் சிறிது நேரம் செலவிட்டு அதன் உடலைத் தடவிப் பார்த்தல் நமக்குப் பெருஞ் சுமையன்று.