ஒரு பேர், ஒரு கராம்பு, இரண்டு பெனடோல்

பாரம்பரிய மருத்துவத்துக்கான பத்தாண்டு வியூகத்தை உலக சுகாதார சபை 2025 மே மாதம் ஏற்றுக்கொண்டது. அந்த வியூகம் கேட்பது ஆதாரமும் பாதுகாப்பும். மேடைகளில் அதைத் தூக்கிப் பிடிப்பவர்கள் பேசுவதோ பாட்டியின் கைப்பக்குவத்தை. எதிர்ப்பக்கம், கராம்பு என்றாலே முகம் சுளிக்கும் பல் வைத்தியர்கள். இரண்டு தரப்பிலும் யாரும் ஊவாவில், பசறைப் பக்கத்துத் தோட்ட லயமொன்றில் ஓர் இரவு தங்கியதாகத் தெரியவில்லை.

பல்வலி இரவில்தான் உயிரை எடுக்கும். டிஸ்பென்சரி பூட்டியிருக்கும். கராம்பை நசுக்கி, பஞ்சில் சுற்றி, சொத்தைப் பல்லின் குழிக்குள் திணிப்பார்கள். கராம்பு இல்லாவிட்டால் உப்புத்தண்ணீர், கொய்யா இலை. விடிந்ததும் கடையில் இரண்டு பெனடோல். கன்னம் வீங்கினாலும் துவாயால் தாடையைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போவார்கள். பதுளைக்கு பஸ் ஏறி, துண்டு எடுத்து, வரிசையில் நின்று பல்லைக் காட்டிவிட்டுத் திரும்பினால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளப் பதிவு, போச்சு.

அந்தப் பேரின் விலையைப் பாருங்கள். இலங்கையின் 2026 வரவு செலவுத் திட்டம் 1,350 ரூபா நாட்சம்பளத்தை 1,550 ஆக்குவதாகவும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200 ரூபா கொடுப்பதாகவும் அறிவித்தது. பல் பிடுங்கப் போகும் பெண்ணுக்கு அந்தக் கணக்கில் 1,750 ரூபா நட்டம். அந்த 200 ரூபாவுக்கு வருகைக் கொடுப்பனவு என்று பெயர். பல்வலிக்காரருக்கு அது அபராதம்.

கராம்பைப் பழிக்கும் வைத்தியர் தன் அலுமாரியைத் திறந்து பார்க்கட்டும். கராம்பெண்ணெயின் பெரும்பகுதி யூஜினோல். அதைத் துத்தநாக ஒட்சைட்டுடன் குழைத்துத்தான் தற்காலிக அடைப்பு வைக்கிறார்கள். யூஜினோல் நரம்பை மரக்கச் செய்யும், சொத்தையை நிறுத்தாது. அளவு மீறினால் ஈறும் வெந்துபோகும். பெனடோலும் வலியைத்தான் அடக்கும். அமொக்சிசிலின்? பல்லின் உள்நரம்பு அழன்ற வலிக்கு அன்டிபயோட்டிக் வேண்டாம் என்று அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கம் 2019இலேயே வழிகாட்டி வெளியிட்டுவிட்டது. ஒன்றில் பல்லைத் திறக்க வேண்டும், அல்லது பிடுங்க வேண்டும். அதற்கு ஒரு கதிரையும் தெரிந்த கையும் வேண்டும்.

அந்தக் கதிரை எட்டாத வாய் என்ன ஆகும் என்பதற்கு 480 என்ற எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும். 1970இல் நோர்வேயின் ஹரால்ட் லோ தலைமையிலான குழு, டன்சினன், ஹாரோ என்ற இரண்டு தேயிலைத் தோட்டங்களின் 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதித்தது. ஊவா அல்ல, நுவரெலியாப் பக்கம். ஆனால் அதே லயம், அதே பேர். ஒப்பிட்டுப் பார்க்க ஒஸ்லோவின் மாணவர்களும் கல்விமான்களும். தோட்டத்தாரை ஏன் தேர்ந்தார்கள்? பிரஷ் தெரியாது, பல் வைத்தியம் கண்டதில்லை. கவனிப்பாரற்ற ஈறு எப்படி அழியும் என்று பார்க்க வேறெங்கே போவது! 1985 வரை திரும்பத் திரும்ப வந்து மில்லிமீற்றர் கணக்கில் அளந்தார்கள். 8 வீதத்தினருக்கு ஈறு வேகமாக அழிந்தது. 35 வயதில் சராசரியாக 12 பல் இல்லை, 45இல் ஒன்றுமே இல்லை. 81 வீதத்தினருக்கு அழிவு மிதமான வேகத்தில் நடந்தது. 11 வீதத்தினர் தப்பினார்கள். 1986இல் வெளிவந்த அந்தக் கட்டுரை ஈறு நோய் படிக்கும் மாணவர் எவரும் தாண்டிப் போக முடியாதது. லோ 1983இலேயே அமெரிக்கத் தேசியப் பல் ஆய்வு நிறுவனத்தின் பணிப்பாளராகிவிட்டார். உலகத்துக்கே பாடமான வாய்கள் அவை. அந்த வாய்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் கராம்பைத் தேடுகிறார்கள்.

அந்த 480 பேருக்கும் சொத்தை அநேகமாக இல்லை என்றும் அதே கட்டுரை சொல்கிறது. மூலிகைக்காரர்கள் கொண்டாடட்டும். ஆனால் டொபியும் பிஸ்கட்டும் கடை வாசலில் சரமாகத் தொங்காத காலம் அது. சொத்தை இல்லாமலே 45 வயதில் பொக்கை வாயான முன்னோர்களைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை.

வெற்றிலையைப் பற்றியும்தான். ஒரு வாய் போட்டால் வலி மரத்துவிடும் என்பது கொழுந்து மலையின் கைவைத்தியம். வெற்றிலையும் பாக்கும் கொடியிலும் மரத்திலும் விளைபவைதானே, இயற்கைதானே! புகையிலை சேர்த்த வெற்றிலையை 1985இலும், வெறும் பாக்கை 2004இலும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது. இலங்கை ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுக்கே முதலிடம். இயற்கை வைத்தியம் பேசி இதை மறைப்பவர்களோடு வாதாடுவது வீண்.

சொத்தையைத் தடுக்கும் புளோரைட் பற்பசையை உலக சுகாதார அமைப்பு 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மருந்துதான் என்றால் பெனடோலைப் போல டிஸ்பென்சரியிலேயே கொடுக்கலாமே!

சுகாதார அமைச்சு செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. மாதம் ஒரு நாள் ஒவ்வொரு தோட்டத்துக்கும் நடமாடும் பல் கதிரை. வைத்தியசாலைத் துண்டைக் காட்டினால் அன்றைக்கும் பேர், அந்த 200 ரூபாவும் சேர்த்து. ஹப்புத்தளையிலிருந்து மடுல்சீமை வரை இதை ஒரே ஒரு வருடம் செய்து பார்க்கட்டும்; கராம்பு கறிச்சட்டிக்குத் திரும்பிவிடும்.